பேட்டைச் சுஷிக் கடையில் என்ன கேட்பது, எப்படிச் சாப்பிடுவது

டோக்கியோவின் பழைய குடியிருப்புப் பகுதிகளில், ரயில் நிலையத்தை ஒட்டி நடந்தால் ஒரு சின்னச் சுஷிக் கடை கண்ணில் படும். வாசலில் துணித் திரை, உள்ளே பத்துப் பேர் உட்காரும் மரக் கவுண்டர், அதன்மேல் மீன் அடுக்கிய கண்ணாடிப் பெட்டி. தட்டு சுற்றிவரும் கடைக்குள் யாரும் யோசிக்காமல் நுழைந்துவிடுவார்கள். இங்கேதான் தயக்கம். சுவரில் மீன் பெயர் எழுதிய மரப்பலகைகள் தொங்கும், பல கடைகளில் விலை இருக்காது.

முதல் தடவை போகிறவர்கள் 'ஒகிமாரி' கேட்டுவிடலாம். விலை எழுதிய செட் அது. நாமி (சாதாரணம்), ஜோ (உயர்வு), தொகுஜோ (மிக உயர்வு) என்று மூன்று படிகள். கையால் பிடித்த சாதத்தின்மேல் மீன் வைத்த நிகிரி ஏழெட்டு, நோரி என்ற கடற்பாசித் தாளில் சாதத்தைச் சுற்றிய ஒரு சுருள், பெரும்பாலும் மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பும் சேர்ந்து வரும். மதியத்தில் இது இன்னும் மலிவு. செட் முடிந்தபின் இரண்டு மூன்று வகைகளைத் தனியாகக் கேளுங்கள். 'ஜிகா' என்று எழுதியிருந்தால் அன்றைய சந்தை விலை. கேட்டுவிட்டே சொல்லுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் இல்லை. ஒன்று கேட்டால் இரண்டாக வைக்கும் வழக்கம் பல பழைய கடைகளில் உண்டு. சமையல்காரர் பொறுப்பில் விடும் 'ஒமகாசே' வேண்டுமென்றால் இத்தனை யென்னுக்குள் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தனியாகக் கேட்பது எதை? எல்லோரும் கொழுத்த சூரை வயிற்றுப் பகுதிக்குத்தான் பாய்கிறார்கள். பணம் கொடுத்தால் யாரும் நல்ல சூரை வாங்கிவிடலாம். கடைக்காரரின் கை தெரிவது கொஹாதாவில். மத்திக்கு உறவான இந்தச் சின்ன வெள்ளி மீனைப் பிளந்து, உப்புத் தூவி, கழுவி, வினிகரில் ஊறவைப்பார்கள். மீனின் அளவும் கொழுப்பும் மாற மாற உப்பில் வைக்கும் நேரமும் மாறும். உப்புக் குறைந்தால் கவிச்சி நிற்கும். கூடினால் சதை இறுகி, வினிகர் மட்டும் நாக்கில் உறைக்கும். 1820களில் ஹனாயா யொஹேய் என்ற கடைக்காரர் எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) நிகிரி விற்ற காலத்தில் ஐஸ் பெட்டி கிடையாது. மீனை உப்பிலும் வினிகரிலும் சோயா சாஸிலும் போட்டதே கெடாமல் காக்கத்தான்.

அடுத்தது அனாகோ, கடல் விலாங்கு. சோயா, சர்க்கரை, சாக்கே (அரிசி மது) சேர்த்து மெதுவாக வேகவைத்து, அந்தச் சாற்றையே சுண்டக் காய்ச்சி மேலே தடவுவார்கள். வாயில் வைத்ததும் சதை பிரிய வேண்டும். இதைச் சோயாவில் தொட்டால் உழைப்பெல்லாம் வீண். முட்டை ஆம்லெட்டையும் விடாதீர்கள், கடைக்காரரின் கை அதிலும் தெரியும். ஆனால் அதைச் சந்தையில் தயாராக வாங்கும் கடைகளும் உண்டு.

மீனைவிட முக்கியம் சாதம். ஒரு நிகிரியில் 15 முதல் 20 கிராம் இருக்கும். உடல் சூட்டளவில், விரலில் உதிராமலும் வாயில் பிரியும்படியும் பிடித்திருக்க வேண்டும். ஆறினால் மாவுச்சத்து இறுகிப் பருக்கை விறைக்கும், மேல்பக்கம் காயும். சுருளில் சுற்றிய நோரி ஈரத்தை இழுத்துக்கொண்டு ரப்பராகும். ஆகவே வைத்த கையோடு சாப்பிடுங்கள். படம் எடுப்பதானால் ஒன்று போதும்.

கையாலேயே எடுக்கலாம், நமக்கு அது வசதிதான். நிகிரியைப் பக்கவாட்டில் சாய்த்து மீன் பக்கத்தை மட்டும் சோயாவில் லேசாகத் தொடவும். சாதத்தை நனைத்தால் உப்பை உறிஞ்சி, கிண்ணத்திலேயே உடைந்துவிடும். சாதத்தைச் சுற்றி நோரி கட்டி மீன்முட்டை ஏற்றிய குன்கானைக் கவிழ்க்க முடியாது. இஞ்சித் துண்டைச் சோயாவில் நனைத்து மேலே தடவலாம். அந்த இஞ்சி வாயைச் சுத்தம் செய்யத்தான், சுஷிமேல் வைத்துச் சாப்பிட அல்ல. வசாபி என்ற காரமான பச்சை விழுது உள்ளேயே இருக்கும். வேண்டாதவர்கள் 'சாபி நுகி' என்றால் போதும்.

வசாபியும் வினிகரும் புழுவைக் கொன்றுவிடும் என்ற நம்பிக்கை தப்பு. கானாங்கெளுத்தி, கணவாய் போன்றவற்றில் வரும் அனிசாகிஸ் என்ற புழு அவற்றால் சாகாது. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறையவைக்க வேண்டும், அல்லது வேகவைக்க வேண்டும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் மேல்வயிற்றில் கடும் வலி வந்தால் என்ன சாப்பிட்டோம் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சைவர்களுக்கு வெள்ளரிச் சுருளும் நாத்தோ (புளிக்கவைத்த சோயா பயறு) சுருளும் ஓரளவு சரிப்படும். முட்டை, இனாரி (பொரித்த டோஃபு பையில் சாதம்), சுரைக்காய் வற்றல் சுருள், மிசோ சூப் ஆகியவற்றில் பெரும்பாலும் மீன் சாறு கலந்திருக்கும். நாத்தோவோடு வரும் சாஸிலும் கலந்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கேயே சாப்பிட்டால் வரி 10 சதவீதம், பொட்டலத்துக்கு 8. டிப்ஸ் கிடையாது. கார்டு வாங்காத கடைகள் உண்டு, கையில் காசு இருக்கட்டும். வாசனைத் திரவியம் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

நாள் பார்ப்பதிலும் விஷயம் இருக்கிறது. 2018 அக்டோபரில் த்சுகிஜியிலிருந்து மாறிய தொயோசு மீன் சந்தைக்கு ஞாயிறு விடுமுறை, பல புதன்கிழமைகளும் அப்படியே. அந்த நாட்களில் கடை திறந்திருந்தால் வெள்ளைச் சதை மீன்களைத் தைரியமாகக் கேட்கலாம், ஒருநாள் வைத்திருந்தால் அவற்றுக்குச் சுவை ஏறும். அஜி (பாறை மீன் வகை), மத்தி போன்ற வெள்ளித்தோல் மீன்கள் சீக்கிரம் வாடும். அவற்றைச் சந்தை திறந்த நாளுக்கு விட்டுவிடுங்கள்.