21 முடிந்தவரிடமும் வயதுச் சான்று கேட்டால்: நீலகிரிக் கடைகளில் எது செல்லும், எது சிக்கும்

ஊட்டிக் குளிரில் குல்லாவைப் புருவம் வரை இழுத்துவிட்டு, மப்ளரை மூக்குக்கு மேல் சுற்றிக்கொண்டு வருகிறவரைப் பார்த்தால் மதுக்கடை ஜன்னலுக்கு உள்ளே நிற்பவருக்குத் தெரிவது இரண்டு கண்கள் மட்டும்தான். அதை வைத்து இருபத்து நாலு வயதுக்காரரையும் ப்ளஸ் டூ பையனையும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ‘வயசு என்ன தம்பி? ஆதார் இருக்கா?’ என்ற கேள்வி வருவதற்குப் பல நேரம் இதுவே போதும். வரிசையில் உங்கள் முறை வருவதற்கு முன்பே குல்லாவையும் மப்ளரையும் இறக்கி முகத்தைக் காட்டுங்கள். கேள்வியே வராமல் போகலாம். வந்தால் சான்று கையில் இருக்க வேண்டும். எந்தச் சான்று என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்கக் கூடாது. ஓட்டுப் போட 18, கார் ஓட்ட 18, இதற்கு மட்டும் 21. கல்லூரி இறுதி ஆண்டு மாணவர்கள் பலர் சரியாக இந்த எல்லைக் கோட்டில்தான் நிற்கிறார்கள். ஒரே வகுப்பில் ஒருவருக்கு வயது நிறைந்திருக்கும், பக்கத்தில் இருப்பவருக்கு இன்னும் நாலு மாதம் இருக்கும். கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினால் வேலைக்கு ஆகாது. பெரும்பாலான அட்டைகளில் பிறந்த தேதியே இருப்பதில்லை. அதோடு, ‘இவன் மாணவன்’ என்று நீங்களே சொல்லிக்கொடுத்தது போலவும் ஆகிவிடும்.

வாங்குகிறவர் எந்த ஊர்க்காரர் என்பது கணக்கில் வராது. கடை எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்தின் வயதுதான் செல்லும். கூடலூர், பந்தலூர் பக்கம் இது அடிக்கடி எழும் குழப்பம். கேரளாவில் 2017-ல் வயது வரம்பை 21-லிருந்து 23 ஆக்கினார்கள். வயநாட்டிலிருந்து வரும் 22 வயதுக்காரர் அங்கே வாங்க முடியாது, கூடலூரில் வாங்கலாம். புதுச்சேரியில் 18 போதும். அங்கிருந்து சுற்றுலா வரும் 19 வயதுப் பிள்ளை, ‘எங்கள் ஊரில் தருவார்களே’ என்று சொல்லிப் பயனில்லை.

கேட்கிறவரின் நிலையையும் புரிந்துகொள்ள வேண்டும். 2003 நவம்பர் முதல் மாநிலத்தில் மது சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது. ஜன்னலில் நிற்பவர் விற்பனையாளர், கடைக்குப் பொறுப்பு மேற்பார்வையாளர். வயது குறைந்தவருக்குக் கொடுத்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் இவர்கள்தான். எனவே சந்தேகம் வந்தால் அவர்களுக்குப் பாதுகாப்பான பதில் ‘இல்லை’ என்பது மட்டுமே. அந்தச் சந்தேகத்தை ஐந்து விநாடியில் தீர்த்து வைக்கும் அட்டை உங்களிடம் இருக்கிறதா என்பதுதான் முழு விஷயமும். பகல் 12 மணிக்குக் கடை திறக்கும், இரவு 10 மணிக்கு மூடும். திறந்த உடனேயும் மூடுவதற்கு முந்தைய அரை மணியிலும் பின்னால் இருபது பேர் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். அந்த நேரத்தில் யாரும் உங்கள் அட்டையை வாங்கிக் கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். முகம் இளசாக இருப்பவர்கள் மூன்று, நாலு மணிக்குப் போவது நல்லது.

இருப்பதிலேயே சிறந்தது ஓட்டுநர் உரிமம். அதில் நாள், மாதம், வருடம் மூன்றும் இருக்கும், படம் இருக்கும், எடுத்து இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்காது. கியர் வண்டிக்கான உரிமமே 18-க்குப் பிறகுதான் கிடைக்கும் என்பதால் பார்க்கிறவருக்கும் பாதி நம்பிக்கை அங்கேயே வந்துவிடும். முக்கியமாக, ஆதார் எண்ணைக் கடை ஜன்னலில் நீட்ட வேண்டியதில்லை. உரிமம் இல்லாதவர்களுக்கு அடுத்தது பான் கார்டு. அதிலும் முழுப் பிறந்த தேதி உண்டு. ஒரே குறை, படம் சின்னது, பழைய கார்டுகளில் மங்கியும் இருக்கும். பாஸ்போர்ட் எல்லாவற்றையும் விட உறுதியானது, ஆனால் மழையும் பனியும் உள்ள ஊரில் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிய வேண்டாம்.

வாக்காளர் அட்டையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. புதிய அட்டைகளில் பிறந்த தேதி அச்சாகி வருகிறது. பழையவை சிலவற்றில் ‘இன்ன வருடம் ஜனவரி 1 அன்று வயது’ என்று மட்டும்தான் போட்டிருக்கும். அந்த வருடத்திலிருந்து இன்றுவரை எத்தனை வருடம் ஆகியிருக்கிறதோ அதை அந்த வயதோடு கூட்டினால் போதும். ‘2020 ஜனவரி 1 அன்று வயது 18’ என்றிருந்தால் 2023 ஜனவரி 1-க்குள் 21 நிறைந்துவிட்டது என்று அர்த்தம். இந்தக் கணக்கை விற்பனையாளர் போடுவார் என்று காத்திருக்காமல் நீங்களே அந்த வரியில் விரல் வைத்துச் சொல்லிவிடுங்கள்.

இனி ஆதார். எல்லாரும் முதலில் எடுப்பதும் அதுதான், அதிகம் சிக்குவதும் அதில்தான். முதல் சிக்கல் படம். இன்று 21 முதல் 25 வயதுக்குள் இருப்பவர்களில் பலர் ஆதார் எடுத்தது பள்ளிக்கூடப் பருவத்தில். 15 வயதில் கைரேகை, கருவிழி, படம் மூன்றையும் புதுப்பித்திருக்க வேண்டும். செய்யாமல் விட்டவர்களின் அட்டையில் இன்னும் ஐந்தாம் வகுப்பு முகம்தான் இருக்கிறது. தேதி சரியாக இருந்தாலும், அந்தக் குழந்தை முகத்தைப் பார்த்ததும் ‘இது தம்பியோட கார்டா?’ என்று தயங்குவது நியாயமே. ஆதார் சேவை மையத்தில் கட்டணம் கட்டி ஒரு முறை புதுப்பித்தால் இந்தத் தொல்லை போய்விடும்.

இரண்டாவது, ‘பிறந்த ஆண்டு’ என்று வருடம் மட்டும் இருக்கும் அட்டை. ஆரம்ப காலத்தில் வந்த அட்டைகளில் இது நிறைய. சேர்க்கையின்போது பிறப்புச் சான்று கையில் இல்லாமல் வாய்ச்சொல்லில் வயது சொன்ன குடும்பங்கள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் ஏராளம். வருடம் மட்டும் இருந்தால் கணக்கு இப்படி: நடப்பு ஆண்டிலிருந்து 22-ஐக் கழியுங்கள். அந்த வருடமோ அதற்கு முந்தையதோ அட்டையில் இருந்தால் சந்தேகமே இல்லை. 2026-ல் 2004 என்று போட்ட அட்டை செல்லும். டிசம்பர் 31-ல் பிறந்திருந்தாலும் 21 நிறைந்துவிட்டது. 2005 என்றிருந்தால் பிறந்த மாதம் தெரியாமல் முடிவு சொல்ல முடியாது. அங்கே மறுத்தால் மறுத்தவர் மீது தவறில்லை.

இதைச் சரிசெய்ய ஓடுவதற்கு முன் ஆதார் இணையதளத்தில் இ-ஆதாரைப் புதிதாக இறக்கிப் பாருங்கள். பதிவில் முழுத் தேதி இருந்தால் அதில் வந்துவிடும், திருத்தம் தேவைப்படாது. கோப்பைத் திறக்கக் கடவுச்சொல், ஆதாரில் உள்ளபடி பெயரின் முதல் நான்கு எழுத்துகள், ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதை ஒட்டிப் பிறந்த வருடம். இறக்கும்போது எண்ணை மறைத்துத் தரும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும், பிறந்த தேதியும் படமும் அப்படியே இருக்கும். கடையில் காட்ட அதுவே போதும்.

பதிவிலேயே வருடம் மட்டும்தான் என்றால் பிறப்புச் சான்றோ, எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் சான்றோ எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போக வேண்டும். இங்கே தடுக்கி விழும் இடம் இனிஷியல். சான்றில் தந்தை பெயர் முழுதாகவும் ஆதாரில் ஓரெழுத்தாகவும் இருந்தால் மனு திரும்பி வர வாய்ப்பு உண்டு. பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயரே ஏறாமல் காலியாகக் கிடப்பதும் சகஜம். முதலில் பெயரைப் பதிவு செய்துகொண்டு பிறகு வாருங்கள். பிறந்த தேதியைச் சாதாரணமாக ஒரே ஒரு முறைதான் மாற்ற அனுமதிப்பார்கள். அவசரத்தில் தவறான தேதியை ஏற்றிவிட்டால் மீண்டும் மாற்றுவது பெரும்பாடு. கவனமாக இருங்கள், இது கடையில் காட்டுவதற்கு மட்டுமான விஷயம் இல்லை. பாஸ்போர்ட் வரைக்கும் தொடரும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சமீபத்திய ஆதார் அட்டைகளில், இது அடையாளத்துக்கான சான்று, பிறந்த தேதிக்கான சான்று அல்ல என்று அச்சிட்டே தருகிறார்கள். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும், வயதை முடிவு செய்ய ஆதார் போதாது என்று ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் சொன்னது. கடையில் நடைமுறையில் ஆதாரை ஏற்கிறார்கள். ஆனாலும் கண்டிப்பான ஒருவர் ‘வேறு இருக்கா?’ என்று கேட்டால் வாதாடாமல் எடுத்துக் கொடுக்க உரிமமோ பான் கார்டோ இருப்பது நல்லது.

போனில் காட்டுகிறவர்களுக்கு. அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் ‘வழங்கப்பட்ட ஆவணங்கள்’ என்ற பகுதியில் உள்ளவை அசலுக்குச் சமம் என்று மத்திய அரசின் விதி இருக்கிறது. நீங்களே படம் எடுத்து ஏற்றி வைத்தவை அப்படி அல்ல. வாட்ஸ்அப்பில் கிடக்கும் பழைய புகைப்படத்துக்கும் மதிப்பில்லை. திருத்தப்பட்டதா என்று யாருக்குத் தெரியும்? மலையில் இதை விடப் பெரிய தலைவலி சிக்னல். பள்ளத்தாக்கு ஓரத்துக் கடைகளில் செயலி சுற்றிக்கொண்டே இருக்கும், பின்னால் நிற்பவர்கள் சத்தம் போடுவார்கள். டவர் கிடைக்கும் இடத்திலேயே செயலியில் நுழைந்து, ஆவணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசைக்கு வாருங்கள். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பிளாஸ்டிக் அட்டைக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை.

காட்டுவது என்றால் காட்டுவது மட்டும்தான். ஜெராக்ஸ் கொடுத்துவிட்டு வர வேண்டியதில்லை. அட்டையைப் பிறந்த தேதி உள்ள பக்கம் மேலாகப் பிடித்து, தேதியை வாயாலும் சொல்லுங்கள். முழுத் தேதி இருந்தால் கணக்கு எளிது: இன்றைய தேதியில் வருடத்தை மட்டும் 21 குறைத்துக்கொள்ளுங்கள், அன்றோ அதற்கு முன்போ பிறந்தவர் வாங்கலாம். 2005 ஆகஸ்ட் 10-ல் பிறந்தவருக்கு 2026 ஆகஸ்ட் 10 அன்றுதான் கதவு திறக்கும். 9-ம் தேதி போய் ‘ஒரு நாள்தானே அண்ணே’ என்று கேட்டு அவரைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள்.

நண்பர்களாகப் போகும்போது ஒருவர் மட்டும் ஜன்னலுக்குச் செல்ல வேண்டும். கூட நிற்பவர்களில் ஒருவர் பள்ளிப் பிள்ளை போலத் தெரிந்தாலும் மொத்தப் பேருக்கும் மறுப்பது உண்டு. வாங்குவது யாருக்காக என்பது விற்பனையாளருக்குத் தெரியாது. 21 நிறையாத தம்பிக்காக அண்ணன் வாங்கிக் கொடுப்பதை உதவி என்று நினைக்கக் கூடாது. அந்த வயது வரம்பு வந்ததே அதைத் தடுக்கத்தான்.

மறுத்துவிட்டால் குரலை உயர்த்தாமல், ‘சார், பிறந்த தேதி இதோ இருக்கு, ஒரு தடவை பார்த்துடுங்க’ என்று மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். அட்டை சரியாக இருந்தால் பெரும்பாலும் அங்கேயே முடியும். அதற்கும் மறுத்தால் விட்டுவிட்டு வேறொரு நாள் வேறு சான்றோடு வாருங்கள். விடுதி பார்களிலும் இதே வயதுதான். அறை எடுக்கும்போது வரவேற்பில் அடையாள அட்டை கொடுத்தாயிற்றே என்று அதை அறையிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள்; பாரில் பரிமாறுகிறவருக்கு அந்தப் பதிவேடு தெரியாது.

எல்லையோரக் கூடலூருக்கு ஒரு எச்சரிக்கை: வயது சரியாக இருந்தாலும் கேரளா, கர்நாடகாவில் வாங்கிய பாட்டிலைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். கக்கநல்லா, நாடுகாணி சோதனைச் சாவடிகளில் வண்டியைச் சோதிக்கிறார்கள். பில் இருக்கிறது என்பது அங்கே பதில் ஆகாது. அதே போல, உரிமத்தைக் காட்டி வாங்கியவர் குடித்துவிட்டு வண்டியை எடுக்கவே கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகும் கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவுகள். நிதானமாக இருப்பவருக்கே அங்கே பிரேக் சூடாகிவிடும்.

கடைசியாகப் பணம். விலையோடு பாட்டிலுக்கு 10 ரூபாய் சேர்த்துக் கேட்பார்கள். இந்த முறை தெரியாதவர்கள் கூடுதல் வசூல் என்று நினைத்துச் சண்டைக்குப் போகிறார்கள். வயதுச் சான்றில் வராத தகராறு இதில் வந்துவிடுகிறது. அது முன்பணம். காட்டில் வீசும் பாட்டில்கள் உடைந்து யானைகளின் பாதத்தைக் கிழிக்கின்றன என்ற கவலையில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 மே மாதம் நீலகிரியில்தான் இந்த முறை முதலில் வந்தது, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. பாட்டிலில் உள்ள ஒட்டுச்சீட்டு கிழியாமல் காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். ஊர் திரும்பும் நாள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற விடுமுறை நாளாக இருந்தால் கடை இருக்காது. முந்தைய நாளே கொடுத்துவிடுங்கள்.