பெருக்கு என்ற ஒரு சொல்

நான்காம் வகுப்புக்கு ஆண்டின் நடுவில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். வீட்டில் பேசுவது வேறு மொழி. சில மாதங்களிலேயே மைதானத்தில் தமிழில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டான். மொழி வந்துவிட்டது என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். கணக்குத் தேர்விலோ வெறும் தாள்தான் வந்தது. "கவனம் போதாது" என்று எழுதிவைத்தேன்.

ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து "16-ஐ 4-ஆல் பெருக்கு" என்ற வரியைப் படிக்கச் சொன்னேன். தடுமாறாமல் படித்தான். அப்புறம் மெதுவாகக் கேட்டான்: "டீச்சர், பெருக்குறதுன்னா துடைப்பத்தாலதானே?"

16 × 4 என்று எழுதிக் காட்டினேன். சட்டென்று 64 என்று எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பேச்சுமொழியும் பாடமொழியும் வேறு என்று கனடாவின் கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே பிரித்துக் காட்டியிருக்கிறார். முதலாவது வர ஏறக்குறைய 2 ஆண்டுகள் போதும். இரண்டாவது கைவர 5 ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். சரளமாகப் பேசும் பிள்ளையிடம்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம்.

இப்போது பாடம் தொடங்குமுன் நாலைந்து சொற்களைப் பலகையில் எழுதிவிடுகிறேன். வர்க்கம், மூலம், படி என்று இரட்டைப் பொருள் தருபவைதான் முதலில். பக்கத்தில் ஒரு படம். அவரவர் மொழியில் அதற்கு என்ன சொல் என்று பிள்ளைகளே சொல்வார்கள். "புரிந்ததா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன், எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். "செய்து காட்டு" என்கிறேன்.

கேள்வி கேட்டபின் காத்திருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆசிரியர்கள் பெரும்பாலும் 1 விநாடிகூடப் பொறுப்பதில்லை, 3 விநாடி பொறுத்தாலே பதில்கள் நீளமாகவும் யோசித்தும் வருகின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் கண்டறிந்தார். இரண்டு மொழிக்கு நடுவே போய்வரும் பிள்ளைக்கு அதுவும் போதாது. நான் மனதுக்குள் பத்துவரை எண்ணுகிறேன்.

ஒன்று மட்டும் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. "வீட்டிலும் தமிழே பேசுங்கள்" என்று அந்தப் பையனின் அம்மாவிடம் முன்பு சொல்லியிருந்தேன். நல்லெண்ணம்தான், ஆனாலும் தப்பு. தாய்மொழியில் பிடிபட்ட கருத்துக்குத் தமிழில் பெயர் மட்டும் கற்றுக்கொண்டால் போதுமே. அவரை வரச்சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "பாடத்தை உங்கள் மொழியிலேயே அவனோடு பேசுங்கள்" என்றேன்.

"அப்படின்னா நானும் சொல்லிக்கொடுக்கலாமா?" என்றார்.