கழுவக் கூடாத பாட்டில்

சுற்றுச்சூழல் பொதுச் சுகாதாரத்தில் இளநிலைப் பட்டம் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. இந்தப் படிப்பில் சேரலாமா என்று கேட்பவர்கள் கூடவே ஒன்றைக் கேட்டுவிடுகிறார்கள்: இது மரம் நடுவது பற்றியதா, மருத்துவம் பற்றியதா? சேர்ந்த நாளில் எனக்கும் தெரியாது. இரண்டும் இல்லை. குடிக்கிற நீர், மூச்சில் போகிற காற்று, சாப்பிடுகிற உணவு, வேலை பார்க்கிற இடம், இவற்றின் வழியாக நோய் எப்படி ஆளிடம் வந்து சேர்கிறது, வருகிற வழியில் அதை எங்கே மறிக்கலாம் என்பதுதான் பாடம். ஒருவர் நோயாளி ஆவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை.

முதல் வருடம் வேதியியல், நுண்ணுயிரியல், உடலியங்கியல், புள்ளியியல் என்று போனது. மனப்பாடத்தில் தேறிவிடலாம். படிப்பு எனக்குப் பிடிபட்டது இரண்டாம் வருடம், ஒரு தண்ணீர் பாட்டிலில்.

குடிநீர் மாதிரி எடுக்கும் செய்முறை வகுப்பு. குளோரின் கலந்து சில நிமிடங்களே ஆன பயிற்சித் தொட்டி, அதில் ஒரு குழாய். கிருமி நீக்கிய பாட்டில் ஒன்று கைக்கு வந்தது. மூடியைத் திறந்தேன், அடியில் வெள்ளையாகப் பொடி போல ஏதோ ஒட்டியிருந்தது. அழுக்கு என்று நினைத்து, அதே குழாய் நீரில் இரண்டு முறை அலசிவிட்டுப் பிடித்தேன். வேதியியல் ஆய்வகத்தில் பழகிய கை, அலசாமல் எதையும் தொடாது. மற்றதெல்லாம் ஒழுங்காகவே செய்தேன். குழாய் வாயைத் தீயில் வாட்டினேன், தண்ணீரைச் சற்று நேரம் ஓட விட்டேன், பாட்டில் வாயில் விரல் படவில்லை, ஐஸ் பெட்டியில் வைத்துத்தான் கொண்டு வந்தேன். 100 மில்லியை 0.45 மைக்ரான் துளை கொண்ட வடிதாள் வழியாக இழுத்து, அந்தத் தாளைப் பெட்ரி தட்டில் விரித்து, 44 டிகிரியில் இன்குபேட்டரில் வைத்தேன்.

மறுநாள் என் தட்டில் ஒன்றுமே இல்லை. தண்ணீரில் மலக்கழிவு கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் ஈ கோலை பாக்டீரியா பூஜ்யம். எனக்கு ஒரே சந்தோஷம். அதே குழாயில் எனக்கு அடுத்துப் பிடித்த தோழியின் தட்டிலோ ஏழு மஞ்சள் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு கிருமிக் கூட்டம்.

பேராசிரியை இரண்டு தட்டுகளையும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “பாட்டிலைக் கழுவினீங்களா?”

அந்த வெள்ளைப் பொடி சோடியம் தயோசல்பேட். தண்ணீரில் மிச்சம் இருக்கும் குளோரினை அது உடனே செயலிழக்கச் செய்துவிடும். குளோரின் தன் வேலையை முடிக்க நேரம் பிடிக்கும். குறைந்தது 30 நிமிடம் விட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் பாட்டிலில் பொடி இல்லாததால், ஆய்வகம் வந்து சேரும்வரை உள்ளே குளோரின் கிருமிகளைக் கொன்றுகொண்டே இருந்தது. ஆகவே என் தட்டு சொன்னது பாட்டிலுக்குள் ஊறிக் கிடந்த தண்ணீரைப் பற்றி. குழாயடியில் டம்ளர் வைத்துப் பிடித்துக் குடிப்பவருக்குப் போயிருக்கும் தண்ணீரைப் பற்றி அல்ல.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மோசமான முடிவு வந்திருந்தால் யாராவது மறுபடி சோதித்திருப்பார்கள். நல்ல முடிவை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? கோப்பில் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். அதன் பிறகு எந்த எண்ணைப் பார்த்தாலும், இது எப்படி வந்தது என்ற கேள்வி தானாக எழ ஆரம்பித்தது.

அந்தக் கேள்வியோடு போனபோதுதான் நோய்ப்பரவலியல் வகுப்பே சுவைத்தது. 1854-இல் லண்டன் பிராட் தெருவில் காலராவின்போது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், நோய் தண்ணீரில் வருகிறது என்று சொல்லி அடிபம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்த கதை இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரியும். கழற்றும் முன்பே சாவுகள் குறையத் தொடங்கிவிட்டன என்பதை அவரே எழுதி வைத்தார். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அதே சமயத்தில் அவர் செய்த இன்னொரு வேலை. தெற்கு லண்டனில் இரண்டு கம்பெனிகள் ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்குக்கூட நீர் தந்தன. ஒன்று 1852-லேயே நீர் எடுக்கும் இடத்தைத் தேம்ஸ் நதியின் மேல்பகுதிக்கு மாற்றிக்கொண்டது. மற்றது நகரத்துக்குள், கழிவு கலந்த இடத்திலேயே எடுத்தது. எந்தக் கம்பெனி நீர் என்று பல வீட்டாருக்குத் தெரியாது. ஸ்னோ சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தார். நகரத்துக்குள் எடுத்த நீரில் உப்பு மிக அதிகம், வெள்ளையாகத் திரிந்துவிடும். அப்படி வீடு வீடாகப் பிரித்துக் கணக்கெடுத்தபோது, பத்தாயிரம் வீட்டுக்கு, கழிவு கலந்த நீர் வாங்கிய பக்கம் 315 சாவு, மேல்பகுதி நீர் வாங்கிய பக்கம் 37. அந்த சில்வர் நைட்ரேட் சோதனை, முதல் வருடத்தில் நான் சலிப்போடு செய்த அதே குளோரைடு சோதனை!

மூன்றாம் வருடம் களப்பயிற்சி. ஒரு சமையலறையில் குளிர்பெட்டியின் வெளித்திரை 4 டிகிரி காட்டியது. “நல்லாத்தான் ஓடுது, பாருங்க” என்றார் அங்கே பொறுப்பில் இருந்த அம்மா. என்னுடன் வந்த மூத்த அதிகாரி எதிர்த்துப் பேசவில்லை. தெர்மாமீட்டரை அவர் கையிலேயே கொடுத்து, “நடுத்தட்டில் இருக்கும் சோற்றில் நீங்களே குத்திப் பாருங்கம்மா” என்றார். 11. உள்ளே காற்று வரும் துளையை அட்டைப்பெட்டிகள் அடைத்திருந்தன. 5 டிகிரிக்கு மேல் கிருமி பெருகத் தொடங்கும் என்று நாங்கள் சொல்லும் முன்பே அந்த அம்மா பெட்டிகளை இறக்க ஆரம்பித்துவிட்டார். சட்டப் பிரிவை வாசித்துக் காட்டியிருந்தால் இது நடந்திருக்காது. ஆட்களிடம் பேசத் தெரிவது இந்தப் படிப்பில் பாதி. அதை எந்தப் பாடத்திட்டமும் சரியாக எழுதி வைப்பதில்லை.

இன்னொன்றையும் பழகிக்கொள்ள வேண்டும்: எல்லை எண்கள் மாறும். காற்றில் மிதந்து நுரையீரலுக்குள் போகும் பிஎம் 2.5 நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2005-இல் சொன்ன ஆண்டு சராசரி கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம். 2021-இல் அது 5 ஆனது. நுரையீரல் அதேதான், நமக்குத் தெரிந்தது கூடியிருக்கிறது.

சேர நினைப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டியவை: ஆய்வக நேரம் எவ்வளவு, களப்பயிற்சி எத்தனை வாரம், சுகாதார அதிகாரியாகப் பதிவு செய்ய இந்தப் பட்டத்தை ஏற்கிறார்களா? பல நாடுகளில் கடைசிக் கேள்விதான் வேலையைத் தீர்மானிக்கும். வேதியியலும் புள்ளியியலும் பயமாக இருந்தால் அதற்காக விட்டுவிட வேண்டாம், காரணம் தெரிந்த பிறகு இரண்டும் வசப்படும்.

அப்புறம், சொந்தமாக ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். களத்துக்குக் கிளம்பும் ஒவ்வொரு காலையிலும், தூள் ஐஸும் தண்ணீரும் நிறைந்த டம்ளரில் அதை விட்டு, 0 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் பையில் வையுங்கள்.