ஷாங்காயில் ஒரு பகல்: ஐந்து பேர், ஒரு போன்

கப்பலில் விற்ற பேருந்துச் சுற்றுலாவுக்கு ஆளுக்கு நூற்றிருபது சிங்கப்பூர் வெள்ளி கேட்டார்கள். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். "நாமே போய் நடந்து பார்த்துக்கலாம்" என்று வீறாப்பாகச் சொன்னது நான்தான். அன்று மாலைக்குள் மனைவி அதை எனக்கு மூன்று முறை சொல்லிக் காட்டினாள்.

எங்கள் கப்பல் நின்ற வூசோங்கோ முனையம் ஷாங்காய் நகரின் நடுவில் இல்லை. ஹுவாங்பு ஆறு யாங்சியில் கலக்கும் இடத்தில், வடக்கே பாவ்ஷான் பக்கம் இருக்கிறது. வானளாவிய கட்டடங்களைப் படமெடுக்க மேல்தளத்தில் காத்திருந்த மகனுக்குக் கிரேன்கள்தான் கிடைத்தன.

சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து 30 நாள்வரை விசா வேண்டாம். அதனால் குடிநுழைவில் சிக்கல் இல்லை, வரிசைதான் நீளம். எனக்கும் மனைவிக்கும் கைரேகை எடுத்தவர்கள் எழுபது தாண்டிய அம்மாவை அப்படியே போகச் சொல்லிவிட்டார்கள். "என் ரேகை தேஞ்சு போனது இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் அம்மா.

டாக்ஸியில் பாவ்யாங் சாலை நிலையம், அங்கிருந்து மெட்ரோ. இங்கேதான் முதல் அடி. போனில் பணம் கட்டும் அலிபே செயலியில் என் கார்டைச் சேர்த்து, பாஸ்போர்ட் சரிபார்ப்பையும் வீட்டிலேயே முடித்திருந்தேன். மெட்ரோ கியூஆர் குறியீடும் தயார். ஆனால் ஒரு போனில் ஒருவர்தான் உள்ளே போகலாம். நான் கதவைத் தாண்டி அந்தப் பக்கம், குடும்பம் இந்தப் பக்கம். மனைவியின் போனுக்கு ரோமிங் போடவில்லை, காசு மிச்சமாம். நல்லவேளை, அவள் கைப்பையில் கொஞ்சம் யுவான் நோட்டு இருந்தது. மற்றவர்களுக்குச் சீட்டு வாங்கினோம். மகள் 1.3 மீட்டரைத் தாண்டாததால் அவளுக்குச் சீட்டு வேண்டாம்.

மூன்றாம் வழித்தடம் மேம்பாலத்தில் ஓடுகிறது. அடுக்குமாடிகளின் ஜன்னல்களில் துணி காய்வதைப் பார்த்து அம்மாவுக்குச் சிங்கப்பூரின் தோ பாயோ அடுக்குமாடிகள் ஞாபகம் வந்துவிட்டது. கால்பந்து மைதான நிலையத்தில் எட்டாம் வழித்தடத்துக்கு மாறி மக்கள் சதுக்கத்தில் இறங்கினோம்.

அம்மா சைவம். பழைய சந்தைப் பழக்கத்தில், சிங்கப்பூர்ச் சீனர்கள் பேசும் ஹொக்கியனில் "ஜியா சாய்" (சைவம் சாப்பிடுவேன்) என்று சொல்லிப் பார்த்தார். வழியில் கேட்ட இரண்டு பேருக்கும் புரியவில்லை. நல்லவேளை, நான் ஏற்கெனவே குறித்து வைத்திருந்த கோங்டலின் பக்கத்திலேயே இருந்தது. 1922இல் தொடங்கிய சைவ உணவகம். கோழி, வாத்து எல்லாம் சோயாவிலும் காளானிலும் அச்சு அசலாகச் செய்கிறார்கள். அதுதான் வினையாகப் போனது. "இது கறிதான், பொய் சொல்லாதே" என்று அம்மா தட்டைத் தள்ளிவிட்டு, காளான் நூடுல்ஸ் மட்டும் சாப்பிட்டார். கேட்காமலே மேசைக்கு வந்த சுடுதண்ணீரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இவங்கதான் மனுஷங்க. நம்ம ஊர்ல எங்க போனாலும் ஐஸைக் கொட்டிக் கொடுக்கிறான்."

நான்ஜிங் சாலையின் நடைவீதிப் பகுதியில் வண்டிகளுக்கு இடமில்லை, நிம்மதியாக நடக்கலாம். குறுக்குச் சாலைகளில்தான் கவனம் வேண்டும்: மின்ஸ்கூட்டர் சத்தமே இல்லாமல் பக்கவாட்டில் வந்து நிற்கிறது. சரளமான ஆங்கிலத்தில் பேச்சுக்கொடுத்து "தேநீர் குடிக்க வாருங்கள்" என்று இழுப்பவர்களோடு போய்விடாதீர்கள். பில் வரும்போதுதான் விஷயம் தெரியும். அம்மா, தெருவில் ஓடும் குட்டி ரயிலில் பாதித் தூரம் வந்தார்.

ஹுவாங்பு ஆற்றங்கரையில் உள்ள பண்டு நடைபாதை உண்மையில் வெள்ளத்தடுப்புச் சுவர்தான். அதனால் உயரத்தில் இருக்கிறது, படியேற வேண்டும். ஏறியதும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் 632 மீட்டர் ஷாங்காய் டவர். டிசம்பர் காற்றில் காது மரத்துப் போனது. இந்தப் பக்கம் பச்சைக் கூம்புக் கூரையோடு ஒரு கட்டடம். 1929இல் விக்டர் சசூன் கட்டியது, அவருடையது பம்பாயில் வியாபாரம் செய்த குடும்பம். பம்பாய் அபினியிலும் பருத்தியிலும் சேர்த்த பணம் இங்கே ஓட்டலாக நிற்கிறது. பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு? பழைய எச்எஸ்பிசி வங்கிக் கட்டடத்தின் வெண்கலச் சிங்கத்தைத் தடவிப் பார்க்கவே நேரம் போதவில்லை.

அங்கேதான் போன் செத்தது. வரைபடம், மொழிபெயர்ப்பு, கேமரா, பணம் எல்லாம் அதில்தான். வாடகை பவர் பேங்க் பெட்டி கடைக்குக் கடை இருக்கிறது. ஆனால் அதை எடுக்கவும் போனில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும்! பின்தெருவில் ஒரு சின்னத் தேநீர்க் கடையில் நுழைந்து, கறுத்துப்போன திரையைக் காட்டினேன். கல்லாவில் இருந்த பெண் ஒன்றும் பேசாமல் தன் சார்ஜர் வயரை நீட்டினாள். அப்புறம் அம்மாவைப் பார்த்துவிட்டு ஒரு காகிதக் கோப்பையில் சுடுதண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம். அடுத்துப் போக நினைத்த யூயுவான் தோட்டம் அங்கேயே அடிபட்டது. பண்டில் விளக்கு எரிவதையும் பார்க்கவில்லை. ஆறரைக்குள் கப்பலில் இருக்க வேண்டும், நாலேகாலுக்கே கிளம்பிவிட்டோம்.

இனிப் போகிறவர்களுக்கு ஒன்று: பெரியவர் ஒவ்வொருவர் போனிலும் அலிபே, ரோமிங் இரண்டும் இருக்கட்டும். ஒரு முறை செலுத்துவது 200 யுவானைத் தாண்டினால் வெளிநாட்டுக் கார்டுக்கு 3 சதவீதம் கட்டணம். பெரிய பில்லைப் பிரித்துக் கட்டலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

கப்பல் ஏறியதும் அம்மா முதல் வேலையாகச் சுடுதண்ணீர் கேட்டார். பணியாளர் சிரித்த முகத்தோடு ஒரு கிளாஸ் கொண்டுவந்தார், ஐஸ் மிதக்க.