போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு

அக்டோபர் 4, சிங்கப்பூர்

நியூயார்க்கில் இருக்கும் மகளிடம் போக நேர் விமானத்தில் டிக்கெட் எடுத்தாயிற்று. "பிராங்க்பர்ட்டில் நின்று போகும் விமானம் இருக்கிறதே, காலையாவது நீட்டிக்கொள்ளலாம்" என்று இவர் முணுமுணுக்கிறார்.

மேசை மேலிருக்கும் பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். சிங்கப்பூரில் ஒரு முனை, நியூயார்க்கில் மறுமுனை. நூல் வடதுருவத்தை உரசிக்கொண்டு போகிறது. நாம் கிழக்குத் தீர்க்கரேகை 104, அவர்கள் மேற்கு 74, கூட்டினால் 178. தீர்க்கரேகைக் கணக்கில் நேர் மறுபக்கம் என்றே சொல்லலாம். தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர், பயணம் பதினெட்டரை மணி நேரத்துக்கும் மேல்.

அக்டோபர் 9, நியூயார்க்

துருவத்தின் பக்கமே விமானம் போகவில்லை. திரையில் ஓடிய வரைபடத்தில் ஜப்பானுக்குக் கிழக்கே வளைந்து, பசிபிக்கைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போனது. அங்கே வெகு உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாகப் பாயும் ஜெட் காற்று என்ற காற்றோட்டம் விமானத்தின் முதுகைத் தள்ளுகிறது. சாதாரணமாக மணிக்கு 900 கிலோமீட்டர் பறக்கும் விமானத்துக்குத் திரை 1,100 காட்டியது. தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். விமானியின் கணக்கு நூலால் போடுகிற கணக்கு இல்லை.

இந்தத் தடத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004இல் நியூயார்க்கை ஒட்டியுள்ள நியூவார்க் விமான நிலையத்துக்குப் பறக்கத் தொடங்கியது. நான்கு எஞ்சின் ஏர்பஸ் ஏ340 விமானத்துக்கு எரிபொருள் ஊற்றிக் கட்டுப்படியாகாமல் 2013இல் நிறுத்திவிட்டார்கள். இரட்டை எஞ்சின் ஏ350இல் 1,65,000 லிட்டர் வரை நிரப்ப வழிசெய்த பிறகு 2018இல் மீண்டும் தொடங்கினார்கள். இருக்கைகள் 161தான், சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. பாரம் குறைந்தால்தான் இவ்வளவு தூரம் போக முடியும்; அந்தப் பாரத்தின் விலை நம் டிக்கெட்டில்!

நள்ளிரவு தாண்டிக் கிளம்பினோம். நடுவில் ஐந்தாறு மணி நேரத்துக்கு ஒரு பகல் வந்து போனது, மறுபடி இருட்டு. இறங்கியபோது இங்கே அதே தேதியின் காலை. இந்த மாதத்தில் நேர வித்தியாசம் சரியாக 12 மணி என்பதால் கைக்கடிகாரத்தைத் தொடவே வேண்டியதில்லை.

அக்டோபர் 20

மழை. பேரனுக்குச் சளி. வெளியே போகவில்லை.

அக்டோபர் 29, சிங்கப்பூர்

திரும்பும்போது மேற்கே பசிபிக் வழியாக வருவோம் என்று நினைத்திருந்தார் இவர். அந்தப் பக்கம் எதிர்க்காற்று. ஆகவே அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பா, துருக்கி, இந்தியா, வங்கக் கடல் என்று மறுபடியும் கிழக்கேதான் வந்தோம். போகவர ஓர் உலகச் சுற்று முடிந்துவிட்டது. இதற்குத் தனியாகச் சான்றிதழ் ஏதும் தர மாட்டார்களாம், விசாரித்துவிட்டேன்.

27 இரவு ஏறி 29 விடிகாலை சாங்கி விமான நிலையத்தில் இறங்கினோம். 28 முழுவதும் வானத்தில் கழிந்தது. இவருடைய ரத்த அழுத்த மாத்திரையை எந்த ஊர் நேரத்துக்குக் கொடுப்பது என்று துருக்கி வரை யோசித்து, கடைசியில் சிங்கப்பூர் நேரத்துக்கே கொடுத்தேன்.