ரிக்கி ப்ரோலும் ஆறு அணிகளும்: ஒரு கோடை நாட்குறிப்பு

ஜூன் 8, 2025, ஞாயிறு

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கிறவனுக்கு ஜூன் பஞ்ச காலம். செப்டம்பர் வரை ஆட்டம் கிடையாது. செய்தி என்று வருவதெல்லாம் யாருக்கு எத்தனை மில்லியன் ஒப்பந்தம் என்ற கணக்குதான். அதனால் இந்தக் கோடையில் ஒரே ஒரு ஆட்டக்காரரின் பழைய ஆட்டங்களை வரிசையாகப் பார்த்து, பார்த்ததை இங்கே எழுதலாம் என்று இருக்கிறேன்.

நட்சத்திரம் யாரையும் எடுக்கவில்லை. எடுத்திருப்பது ரிக்கி ப்ரோல். ஆடியது ரிசீவராக, அதாவது எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர். 1990 முதல் 2006 வரை 17 சீசன், ஆறு அணிகள். 669 கேட்ச், 8,878 யார்டு, 54 டச்டவுன் (களத்தின் கோடியில் இருக்கும் எண்ட் ஸோனுக்குள் பந்தைச் சேர்ப்பதுதான் டச்டவுன்). இத்தனை வருடத்தில் ஒரு சீசனில்கூட ஆயிரம் யார்டு தொட்டதில்லை, ஒரு முறைகூட நட்சத்திரங்கள் ஆடும் ப்ரோ பவுலுக்குப் போனதில்லை. ஆனாலும் அந்தக் காலத்து சூப்பர் பவுல் (லீகின் இறுதிப் போட்டி) ஆட்டங்களில் கடைசி இரண்டு நிமிடத்தைப் போட்டுப் பாருங்கள், இந்த மனுஷன் எங்காவது ஓடிக்கொண்டிருப்பார்.

ஜூன் 10

ஆரம்ப வருடங்களைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆடி, 1990 டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) மூன்றாம் சுற்றில் ஃபீனிக்ஸ் கார்டினல்ஸுக்குப் போனார். முதல் வருடமே 56 கேட்ச். 1993-ல் 877 யார்டு. அவர் வாழ்நாளிலேயே அதுதான் அதிகம். அணி மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தது. 1995-ல் சியாட்டில் சீஹாக்ஸுக்கு டிரேட். அங்கே முதல் வருடம் ஐந்தே கேட்ச். பெரும்பாலானவர்களின் கதை அந்த இடத்தில் முடிந்துவிடும்.

1997-ல் சிகாகோ பேர்ஸ். 58 கேட்ச், ஏழு டச்டவுன், திரும்பவும் உயிர் வந்தது. ஆனாலும் அடுத்த வருடமே பெட்டியைக் கட்டிக்கொண்டு செயின்ட் லூயிஸ் போக வேண்டியிருந்தது. நன்றாக ஆடினாலும் இடம் நிலையில்லை என்பதுதான் இவர் மாதிரி ஆட்களின் பிழைப்பு.

ஜூன் 14, சனி

இன்று ஆசை தீர ஒரு முழு ஆட்டம். 2000 ஜனவரி 23, செயின்ட் லூயிஸ் ரேம்ஸும் டாம்பா பே பக்கனியர்ஸும் மோதிய என்எஃப்சி இறுதிப் போட்டி. ஜெயித்தால் சூப்பர் பவுல்.

முன்கதை தெரிந்தால்தான் ருசிக்கும். முந்தைய வருடம் ரேம்ஸ் 16 ஆட்டத்தில் நான்குதான் ஜெயித்தது. 1999 சீசன் தொடங்கும் முன்பே பந்தை எறியும் குவாட்டர்பேக் டிரெண்ட் கிரீனுக்கு முழங்கால் போனது. மாற்றாக வந்தவர் கர்ட் வார்னர். சில வருடங்களுக்கு முன் அயோவாவில் ஒரு மளிகைக்கடையில் அலமாரிக்குச் சாமான் அடுக்கியவர். அவர் வந்ததும் பதின்மூன்று வெற்றி. ஐசக் புரூஸ், டாரி ஹோல்ட், அஸ்-ஸாஹிர் ஹக்கீம், மார்ஷல் ஃபாக் என்று ஆளாளுக்குப் பறந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ப்ரோல் நான்காவது ரிசீவர். வழக்கமான சீசன் முழுவதும் ஒரு டச்டவுன்கூட இல்லை.

அன்றைக்கு டாம்பாவின் தடுப்பு அந்தப் பறவைகளின் இறக்கையை ஒடித்துப் போட்டுவிட்டது. நாலாவது குவார்ட்டர் பாதியில் டாம்பா 6, ரேம்ஸ் 5. ஏதோ பேஸ்பால் ஸ்கோர் மாதிரி. ஐந்து நிமிடம் இருக்கும்போது ரேம்ஸிடம் பந்து, டாம்பாவின் 30 யார்டு கோட்டில். தடுப்பணி மொத்தமாகக் குவாட்டர்பேக் மேல் பாய்கிறது. வார்னருக்கு யோசிக்க நேரமில்லை. இடப்பக்கம் எண்ட் ஸோனை நோக்கித் தூக்கிப் போடுகிறார். ப்ரோலின் முதுகில் ஒட்டிக்கொண்டே ஓடி வருபவர் ரிசீவரைத் தடுக்க வேண்டிய கார்னர்பேக் பிரையன் கெல்லி.

இந்த இடத்தை வேகத்தைக் குறைத்துப் போட்டுப் பாருங்கள். ப்ரோல் கெல்லியை முந்தவே இல்லை. முந்தும் வேகம் அவரிடம் கிடையாது. பந்து எங்கே இறங்கும் என்பது அவருக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. ஓட்டத்தை ஒரு நொடி தளர்த்தி, கெல்லிக்கும் பந்துக்கும் நடுவே உடம்பைக் கொண்டுவந்து வைத்து, ஒரு கையால் பந்தை மார்போடு அணைத்தபடி விழுகிறார். 11-6. அந்த சீசனில் அவருடைய முதல் டச்டவுன், ரேம்ஸ் சூப்பர் பவுலுக்குப் போனது. அன்று அவர் கணக்கில் ஆறு கேட்ச், நூறு யார்டு.

(அதே ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் டாம்பாவின் பர்ட் இமானுவல் பிடித்த பந்தை ரீப்ளே பார்த்து செல்லாது என்றார்கள். பிற்பாடு விதியையே திருத்தும்படி ஆனது. டாம்பா ரசிகர்களிடம் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசினால் அதைத்தான் முதலில் இழுப்பார்கள்.)

அடுத்த வாரம் டென்னசி டைட்டன்ஸை 23-16 என்று தோற்கடித்து ரேம்ஸ் சாம்பியன். ப்ரோலுக்கு முதல் சாம்பியன் மோதிரம்.

ஜூன் 15

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு மச்சான் போன் செய்தான். "மாப்ளே, வேகம் இல்லன்னா அப்புறம் எதுக்குடா பதினேழு வருஷம் வெச்சிருந்தாங்க?" நியாயமான கேள்விதான்.

ப்ரோல் பெரும்பாலும் ஆடியது ஸ்லாட் என்ற இடத்தில், அதாவது ஓரத்து ரிசீவருக்கும், குவாட்டர்பேக்குக்கு முன்னால் நிற்கும் லைனுக்கும் நடுவில். அங்கே நின்று ஓடும் ஓட்டங்களில் பாதி முன்கூட்டியே முடிவானவை அல்ல. எதிரே நிற்பவன் உள்பக்கம் சாய்ந்து நின்றால் வெளியே வெட்ட வேண்டும், வெளிப்பக்கம் நின்றால் உள்ளே. இரண்டு பேர் பின்வாங்கி இடம் விட்டால் நடுவில் நின்றுவிட வேண்டும். இதையெல்லாம் ஓடிக்கொண்டே முடிவு செய்யணும். அதே முடிவைப் பதினைந்து அடி பின்னால் நிற்கும் குவாட்டர்பேக்கும் அதே நொடியில் எடுத்திருக்கணும். ஒருவர் உள்ளே என்றும் மற்றவர் வெளியே என்றும் நினைத்தால் பந்து எதிரணியின் கையில்.

புரூஸ் மாதிரி ஆளுக்குத் தன் ஓட்டம் தெரிந்தால் போதும். நாலாவது ரிசீவருக்கு அது கட்டாது. யாருக்குக் காயம் பட்டாலும் அந்த இடத்தில் போய் நிற்க வேண்டியவன், எல்லா இடத்துப் பாடத்தையும் மனப்பாடம் செய்திருக்கணும். அதிலும் ஆறு அணி என்றால் ஆறு பாடப் புத்தகம். ஒரே ஓட்டத்துக்கு ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு பெயர் வைத்திருப்பார்கள். இப்படியே பதினேழு வருடம் படித்தவன் பிற்பாடு பயிற்சியாளர் ஆவதில் என்ன ஆச்சரியம் என்று கேட்டேன். மச்சான் "சரி சரி, கிரிக்கெட் போட்டிருக்கான், வெக்கிறேன்" என்றான்.

ஜூன் 21, சனி

சூப்பர் பவுல் 36. 2002 பிப்ரவரி 3, நியூ ஆர்லியன்ஸ். ரேம்ஸ் 14 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்பது பந்தயக்காரர்கள் கணக்கு. ஆட்டத்துக்கு முன் ப்ரோல் கேமராவைப் பார்த்து, இன்றிரவு ஒரு சாம்ராஜ்யம் பிறக்கிறது என்று உற்சாகமாகக் கத்துகிறார். வாக்கு பலித்தது. பிறந்தது எதிரே நின்ற நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் சாம்ராஜ்யம்!

முதல் பாதி முடியும் தறுவாயில் ப்ரோல் ஒரு பந்தைப் பிடித்து ஓடும்போது ஆண்ட்வான் ஹாரிஸ் வந்து இடித்ததில் பந்து தெறித்தது. அதை எடுத்து பேட்ரியட்ஸ் டச்டவுன் போட்டது, 14-3. நாலாவது குவார்ட்டர் தொடங்கும்போது 17-3. அப்புறம்தான் ரேம்ஸ் விழித்துக்கொண்டது. வார்னரே ஓடி ஒன்று போட்டார். ஒன்றரை நிமிடம் மிச்சம் இருக்கும்போது 26 யார்டு பாஸ். பிடித்தவர் ப்ரோல். தடுக்க வந்தவர்களை வெட்டி உள்ளே திரும்பி, கோட்டைத் தாண்டிப் பாய்கிறார். பந்தைத் தவறவிட்ட அதே ஆளை நம்பி அந்த நேரத்தில் திரும்பவும் போட்டார்களே, அதுதான் எனக்குப் பிடித்தது. 17-17.

பேட்ரியட்ஸிடம் டைம் அவுட் ஒன்றுகூட மிச்சமில்லை. அவர்களின் குவாட்டர்பேக் டாம் பிரேடி பொறுமையாக நகர்த்திக்கொண்டு வந்தார். உதைப்பதற்கென்றே இருக்கும் ஆடம் வினடியேரி 48 யார்டிலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தார், நேரமும் முடிந்தது. 20-17.

ஜூன் 22

ஒரே மூச்சில் அடுத்ததையும் பார்த்துவிட்டேன். 2003-ல் ப்ரோல் கரோலைனா பேந்தர்ஸில். இரண்டு வருடம் முன்பு 16-ல் ஒன்று மட்டும் ஜெயித்த அணி அது.

முதல் ஆட்டம், ஜாக்சன்வில்லுக்கு எதிராக. 17-0 பின்தங்கிய அணிக்கு, இரண்டாம் பாதியில் ஜேக் டெல்ஹோம் என்ற மாற்று குவாட்டர்பேக்கை இறக்கினார்கள். கடைசி நொடிகளில், நாலாவது டவுனில், அதாவது கடைசி வாய்ப்பில், 12 யார்டு டச்டவுன் பாஸ். 24-23. பிடித்தது யார் என்று சொல்லவும் வேண்டுமா? ஜனவரியில் அதே அணி செயின்ட் லூயிஸுக்கே போய், ப்ரோலின் பழைய வீட்டில், இரண்டு ஓவர்டைம் ஆடி ரேம்ஸை வெளியே அனுப்பியது.

பிறகு ஹூஸ்டன். சூப்பர் பவுல் 38, மறுபடி அதே பேட்ரியட்ஸ். முதல் 27 நிமிடம் ஒரு புள்ளியும் இல்லை, நாலாவது குவார்ட்டரில் புள்ளி மழை. 1 நிமிடம் 8 நொடி இருக்கும்போது டெல்ஹோமிடமிருந்து ப்ரோலுக்கு 12 யார்டு டச்டவுன். 29-29. அடுத்த உதையை ஜான் கசே எல்லைக்கு வெளியே அனுப்ப, பேட்ரியட்ஸுக்கு 40 யார்டு கோட்டில் பந்து கிடைத்தது. வினடியேரி, 41 யார்டு. 32-29.

இரண்டு வருட இடைவெளியில் இரண்டு வெவ்வேறு அணிக்காகக் கடைசி இரண்டு நிமிடத்துக்குள் ஆட்டத்தைச் சமன் செய்தவர் ப்ரோல். இரண்டு முறையும் அதைத் தட்டிப் பறித்தது ஒரே கால். கதையில் எழுதினால் எடிட்டர் அடித்துவிடுவார்.

ஜூன் 27

இதையும் அடித்துவிடுவார். 2006 சீசனின் கடைசிக் கட்டத்தில், 38 வயதில், ப்ரோலை இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் கூப்பிட்டது. காயம்பட்ட ரிசீவர்களுக்குப் பதிலாக, பாடம் சீக்கிரம் படிக்கத் தெரிந்த ஒரு ஆள் வேண்டியிருந்தது. சில ஆட்டம்தான் ஆடினார். அந்த வருடம்தான் கோல்ட்ஸுக்கு வந்து சேர்ந்திருந்தார் வினடியேரி! 2007 பிப்ரவரியில் சிகாகோவை 29-17 என்று வென்று இருவரும் மோதிரம் வாங்கினார்கள். தோற்றது ப்ரோலின் பழைய அணி என்பது கூடுதல் கொசுறு.

ஜூலை 5, சனி

இனி பயிற்சியாளர் ப்ரோல். 2011-ல் பேந்தர்ஸில் தாக்குதல் பிரிவுக்கு ஆலோசகராகத் திரும்பி வந்தார், 2013-லிருந்து ரிசீவர்களின் கோச். ஆட்டக்காரராக எனக்குப் பிடித்த அளவுக்கு இந்தப் பகுதி பிடிக்காது என்று நினைத்திருந்தேன். 2015 சீசனைப் புரட்டியதும் எண்ணம் மாறியது.

2014 வசந்தத்தில் அணி ஸ்டீவ் ஸ்மித்தை விடுவித்தது, மற்ற முக்கிய ரிசீவர்களும் கிளம்பிவிட்டார்கள். ப்ரோலின் வகுப்பறை காலி. முதல் சுற்றில் வந்த கெல்வின் பெஞ்சமின் புது ஆளாகவே 1,008 யார்டு எடுத்தார். சரி, பிழைத்தோம் என்று நினைக்கும்போது 2015 ஆகஸ்ட் பயிற்சி முகாமில் அவருக்கு முழங்கால் தசைநார் கிழிந்து, சீசனே போச்சு. மிச்சம் இருந்தது: வயதான ஜெரிக்கோ காட்சரி, கன்னி வருடத்தில் டெவின் ஃபன்சஸ், அப்புறம் டெட் கின்.

கின் 2007-ல் ஒன்பதாவது ஆளாக எடுக்கப்பட்டவர். காற்று மாதிரி ஓடுவார், கைதான் ஓட்டை. முந்தைய வருடம் அரிசோனாவில் பாஸ் பிடித்து ஒரு டச்டவுன்கூட இல்லை. வாழ்நாளில் எந்தச் சீசனிலும் ஐந்தைத் தாண்டாதவர் 2015-ல் பத்து போட்டார். அணி 15-1. குவாட்டர்பேக் கேம் நியூட்டனுக்கு எம்விபி, அதாவது சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது.

எல்லாம் ப்ரோல் செய்ததா என்றால், இல்லை. நியூட்டன் அப்படி ஆடினார். ஆனால் வேகமே இல்லாமல் கையை நம்பிப் பிழைத்த ஒருவரிடம், வேகம் மட்டுமே உள்ள ஒருவர் பாடம் கேட்டது எனக்கு ரொம்பப் பொருத்தமாகப் படுகிறது.

ஜூலை 6

கை விஷயம் கொஞ்சம். பந்து மார்புக்கு மேலே வந்தால் இரண்டு கட்டைவிரலும் சேர வேண்டும், இடுப்புக்குக் கீழே வந்தால் இரண்டு சுண்டுவிரலும். பள்ளிப் பையனுக்கே இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். லீகில் பந்தைக் கீழே போடுகிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அவர்கள் பெரும்பாலும் கண்ணை முன்கூட்டியே எடுத்துவிடுகிறார்கள். பந்து கையில் முழுதாக உட்காருவதற்குள் அடுத்து எந்தப் பக்கம் ஓடலாம் என்று பார்வை போய்விடுகிறது. வேகக்காரர்களுக்கு இந்த ஆசை அதிகம், ஓடினால் யாரும் பிடிக்க முடியாது என்று தெரியுமே. பயிற்சி முடிந்தபின் பந்து எறியும் மெஷின் முன்னால் நின்று, பிடித்த பந்தைக் கண்ணால் அக்குள்வரை கொண்டுபோய் வைத்துப் பழகச் சொல்வது அதற்காகத்தான்.

பழகினாலும் சுபாவம் முழுசாகப் போகாது. 2015 நவம்பர் 2, கோல்ட்ஸுக்கு எதிராக மழையில் ஓவர்டைம். கின் தடுப்பைத் தாண்டித் தனியாக ஓடுகிறார், நியூட்டன் போட்ட பந்து கைக்கே வந்து நழுவுகிறது. பிடித்திருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். கடைசியில் கிரஹாம் கானோ 52 யார்டு உதைத்து 29-26 என்று காப்பாற்றினார். அடுத்த வாரமும் கின்தான் இறங்கினார். பந்தை விட்டவனுக்குத் திரும்பவும் போடுவது அந்த அறையில் புது வழக்கமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சூப்பர் பவுல் 50 பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. டென்வர் தடுப்பணியின் வான் மில்லர் நியூட்டனை நிமிரவே விடவில்லை. டென்வர் 24, கரோலைனா 10.

ஜூலை 12, சனி

2017 ஜனவரியில் ப்ரோல் வேலையை விட்டார். மகன்களின் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது காரணம். கோச் வேலையில் வார இறுதி என்பதே கிடையாது, சனிக்கிழமை கல்லூரி ஆட்டம் நடக்கும்போது அவர்கள் ஹோட்டலில் மறுநாள் ஆட்டத்துக்குக் கூட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள். "குடும்பத்துக்காக" என்று சொல்லிப் போகிறவர்களில் பாதிப் பேரை நான் நம்புவதில்லை. இவரை நம்புகிறேன்.

மூத்தவர் ஆஸ்டின், 2018 டிராஃப்டில் 255-வது ஆள். மொத்தமே 256 பேர்தான். அப்பாவைப் போலவே பல அணிகளின் வாசல் ஏறி இறங்கினார். 2020-ல் எக்ஸ்எஃப்எல் என்ற இன்னொரு லீகை மறுபடி தொடங்கியபோது முதல் டச்டவுனைப் பிடித்தது சியாட்டில் டிராகன்ஸில் ஆடிய அவர்தான்.

இளையவர் பிளேக், 2021-ல் டிராஃப்டில் யாரும் எடுக்காமல் மினசோட்டா வைக்கிங்ஸில் சேர்ந்தார். அங்கே அப்போது ரிசீவர்களின் கோச் கீனன் மெக்கார்டெல். இவர் 1991-ல் பன்னிரண்டாம் சுற்றில் வந்தவர். இப்போது டிராஃப்டில் ஏழு சுற்றுதான் இருக்கிறது. வாஷிங்டன், கிளீவ்லாந்து, ஜாக்சன்வில், டாம்பா, சான் டியேகோ என்று சுற்றி 883 கேட்ச் பிடித்தவர். சூப்பர் பவுல் 37-ல் டாம்பாவுக்காக இரண்டு டச்டவுன். வைக்கிங்ஸின் நட்சத்திர ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கும் கோச்சாக இருந்தவர் அவரேதான்.

பயிற்சி முகாம் தொடங்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. மெக்கார்டெலின் ஜாக்சன்வில் ஆட்டங்களில் கையை வைத்துவிட வேண்டியதுதான்.