சவுலின் ஆடுகள்

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் ஆலயத்தில், தாவீது ராஜா தன் பாவத்தை அறிக்கையிட்டுப் பாடிய 51-ஆம் சங்கீதம் வாசிக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது தாவீது அல்ல, அவனுக்கு முன் இஸ்ரவேலை ஆண்ட ராஜா சவுல். எதிரிகளான அமலேக்கியரையும் அவர்கள் ஆடுமாடுகளையும் ஒன்றும் விடாமல் அழிக்கக் கர்த்தர் கட்டளையிட்டிருந்தார்; அவனோ நல்ல ஆடுமாடுகளைத் தப்பவிட்டுவிட்டு, "கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன்" என்று தீர்க்கதரிசி சாமுவேலிடம் சொல்கிறான். பின்னால் ஆடுகள் கத்துகின்றன! கேட்டதும் பழியை ஜனங்கள்மேல் போடுகிறான். கடைசியில் "பாவஞ்செய்தேன்" என்கிறான். அதே மூச்சில், மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்றும் கேட்கிறான்.

தாவீதின் குற்றம் இன்னும் கொடியது. தன் போர்வீரன் உரியாவின் மனைவியை எடுத்தான், உரியாவைக் கொல்லுவித்தான். ஆனால் தீர்க்கதரிசி நாத்தான் "நீயே அந்த மனுஷன்" என்றபோது அவன் ஒரு சாக்கும் சொல்லவில்லை. மன்னிப்பு உடனே கிடைத்தது. ஆனாலும் அவளிடம் அவனுக்குப் பிறந்த குழந்தை இறந்தது. பிரசங்கிகள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துபோவது எனக்கு வருத்தம். கர்த்தர் தாம் அன்புகூருகிறவனைச் சிட்சிக்கிறார் என்ற எபிரெயர் 12-ஐ இங்கே நின்றுதான் வாசிக்க வேண்டும்.

மனந்திரும்புதல் கண்ணீரோடு முடிகிறது என்று நான் நம்பவில்லை. இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்றான்; திருடிய ஆட்டுக்கு யாத்திராகமம் 22 விதித்த கணக்கு அது.

என் அப்பா ஒரு லெந்து காலத்தில் பெரியப்பா வீட்டுக்குப் போய், "அண்ணே, வரப்பைத் தள்ளிப்போட்டது நான்தான்" என்றார். பெரியப்பா முகம்கொடுத்துப் பேசவில்லை. அப்பா அதற்குக் காத்திருக்கவும் இல்லை. மறுநாள் மண்வெட்டியோடு போய் வரப்பை வெட்டி, பழைய கல்லையொட்டி மண் அணைத்தார். அறுவடையானதும் அந்தத் துண்டில் விளைந்த நெல்லையும் மூட்டையாகக் கட்டி அண்ணன் வீட்டுத் திண்ணையில் இறக்கிவிட்டு வந்தார்.